தறி யாருக்கு?

காணும் பொங்கல் கழிந்த மறுநாள். என் மகன் லீவில் வந்திருந்தான். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. கூடத்தில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டே, "அம்மா, டொயோட்டா கார் கம்பெனி இருக்கே, அது முதல்ல தறிக் கம்பெனிதான், தெரியுமா?" என்றான்.

தறிக்குழியில் மிதித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நாடாவை நிறுத்தாமலே சொன்னார்: "அவங்க தறியை விட்டுட்டு காருக்குப் போனாங்க. நீயும் தறியை விட்டுட்டு காருக்குப் போயிருக்கே. இதுல புதுசா என்ன இருக்கு?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அவர் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் இவர் நெய்கிறார். இன்னொன்று கூலிக்கு நெய்தவர் திருப்பூருக்குப் போனதிலிருந்து துணி போர்த்தி நிற்கிறது. இவருக்கு முட்டி வலி. நாள் முழுக்கக் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் தறிக்கு வரமாட்டான். வா என்று கூப்பிட எங்களுக்கும் மனசில்லை. மாசம் பிறந்தால் கைக்குச் சம்பளம் வருகிற பிள்ளையை, ஒரு சேலைக்குப் பத்துப் பதினைந்து நாள் குனிந்து கிடக்கிற வேலைக்கு எப்படிக் கூப்பிடுவது? ஆக, இவருக்கு அப்புறம் தறி யாருக்கு என்பதுதான் ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் பேச்சு. அதனால்தான் மகன் சொன்ன ஜப்பான் கதை என் மனதில் ஒட்டிக்கொண்டது. அவனையே தோண்டித் தோண்டிக் கேட்டேன். நூலகத்திலும் போய் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

டொயோடா சகிச்சி என்பவர் 1867ல் ஒரு கிராமத்துத் தச்சருக்கு மகனாகப் பிறந்தவர். அவருடைய தாயார் வீட்டில் தறி நெய்வாராம். அம்மா படுகிற பாட்டைக் குறைக்க வேண்டும் என்றுதான் மகன் தறியில் கை வைத்தார் என்று சொல்கிறார்கள். 1891ல் மரத்தாலான கைத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். 1924ல், நெய்யும்போதே நாடாவைத் தானே மாற்றிக்கொள்ளும் தானியங்கித் தறி வந்தது. 1929ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி அதன் உரிமையை விலை கொடுத்து வாங்கியது. தறிக்குப் பேர்போன இங்கிலாந்துக்காரனே வந்து வாங்கினான் என்றால் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது இயந்திரத்தைப் பற்றி இல்லை. சகிச்சிக்கு கீச்சிரோ என்று ஒரு மகன் இருந்தார். நன்றாகப் படித்தவர், காரைப் பற்றியே கனவு கண்டவர். ஐகோ என்று ஒரு மகளும் உண்டு. அந்த மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை ரிசாபுரோ. அவரை வெறும் மாப்பிள்ளையாக வைத்துக்கொள்ளவில்லை. சட்டப்படி மகனாகத் தத்தெடுத்து, குடும்பப் பெயரையும் கொடுத்தார்கள். 1937ல் டொயோட்டா மோட்டார் கம்பெனி தொடங்கியபோது முதல் தலைவர் அந்த மாப்பிள்ளைதான். பெற்ற மகன் உபதலைவர்.

இதை நான் சொன்னதும் இவர் நாடாவை நிறுத்திவிட்டார். "மகன் இருக்கும்போதேவா?"

மகன் இருக்கும்போதேதான். ஜப்பானில் இது அதிசயமில்லையாம். அங்கே நடக்கிற தத்துகளில் பெரும்பாலானவை குழந்தைகள் இல்லை, வளர்ந்த ஆண்கள். தொழில் இருக்கிற வீட்டில் மகன் இல்லை என்றாலும், இருந்தும் சாமர்த்தியம் போதாது என்றாலும், கெட்டிக்கார மாப்பிள்ளையாகப் பார்த்து மகளைக் கொடுத்து மகனாக்கிக்கொள்வார்கள். நம் ஊர்த் தெருவெல்லாம் ஓடும் மாருதி காருக்குப் பின்னால் இருக்கிற சுஸுகி கம்பெனியும் 1909ல் தறி செய்யத்தான் ஆரம்பித்தது. அதை 1978 முதல் தலைமை ஏற்று நடத்தி, 1980களில் மாருதியோடு கைகோத்து, 2024 டிசம்பரில் காலமான ஒசாமு சுஸுகி பிறப்பால் சுஸுகி இல்லை. நிறுவனரின் பேத்தியைக் கட்டி, தத்துப் போய், அந்தப் பெயரை ஏற்றவர்.

அவர்களுக்கு ரத்தத்தைவிட வீட்டின் பெயர் பெரிசு. பெயரும் தொழிலும் நிற்க வேண்டும். யார் வயிற்றில் பிறந்தான் என்பது அப்புறம். சோயா சாஸ் பாட்டிலில் கிக்கோமான் என்று பெயர் பார்த்திருப்பீர்கள். 1917ல் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து உண்டாக்கிய கம்பெனி அது. ஒரு தலைமுறையில் ஒரு குடும்பத்திலிருந்து ஒரே ஒருவர்தான் கம்பெனிக்குள் வரலாம் என்று அவர்களே தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்களாம். இதை நம் ஊரில் நாலு பிள்ளை இருக்கிற முதலாளி வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள், காபி கூடக் கிடைக்காது!

பக்கத்து நாடான கொரியாவில் அப்படியே நேர் எதிர். எங்கள் வீட்டு பிரிட்ஜ் எல்.ஜி. அந்தக் கம்பெனி 1947ல் முகத்துக்குப் பூசும் கிரீம் செய்யத் தொடங்கிய கூ குடும்பத்துடையது. வழிவழியாக மூத்த ஆண் வாரிசுக்குத்தான் தலைமை. மூன்றாவது தலைமுறைத் தலைவர் கூ போன் மூவுக்கு இருந்த ஒரே மகன் 1994ல் இறந்துபோனார். மகள்கள் இருந்தார்கள். ஆனாலும் 2004ல் தம்பி மகனைத் தத்தெடுத்தார். 2018ல் அவர் மறைந்ததும் தத்துப் பிள்ளைதான் தலைவரானார். 2023ல் மனைவியும் இரண்டு மகள்களும் சொத்துப் பங்கீட்டை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். அங்கேயும் தத்து, இங்கேயும் தத்து. ஒரு நாட்டில் மகள் வழியாக வெளி ஆள் உள்ளே வரலாம். இன்னொரு நாட்டில் அப்பா வழி ரத்தம்தான் வேண்டும்.

கொரியாவைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நம் செட்டிநாட்டிலும் பிள்ளை இல்லாத நகரத்தார் வீட்டில் அதே கோயில் பங்காளிகளில்தான் பிள்ளை கூட்டுவது வழக்கம். ஆனால் அவர்களிடம் எனக்குப் பிடித்த விஷயங்களும் உண்டு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பு வைத்து, வருஷத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்து 'வேறு' வைத்துவிடுவார்கள். அந்தச் சின்னப் பெண் அதற்குள் குடும்பம் நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். மருமகள் கொண்டுவந்த பணம் அவள் பெயரிலேயே கணக்கெழுதப்பட்டு, கடையில் வட்டிக்கு வளரும். ஆண்கள் மூன்று வருஷக் கணக்கில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போயிருந்த காலத்தில் இங்கே வீட்டைக் கட்டி ஆண்டது ஆச்சிமார்தான். ஆனால் பெட்டியடியில் உட்காரும் இடம் மட்டும் ஆணுக்கே.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். ஆரணிப் பட்டு என்றால் புவிசார் குறியீடு உண்டு, பெருமை உண்டு. நெய்கிறவர் யார் என்று கேட்டால் 'இன்னார்' என்று ஆண் பெயர்தான் வரும். ஆனால் பட்டு நூலை ராட்டையில் இழைத்துத் தார் சுற்றுவது யார்? விடிவதற்கு முன் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழையைத் தேடித் தேடி முடிச்சுப் போடுவது யார்? தீர்ந்த பாவின் முனையோடு புதுப் பாவை இழைக்கு இழை சேர்த்துத் திரிக்க ஆயிரக்கணக்கான இழை. கண் பூத்துப் போகும். கோர்வைச் சேலை என்றால் கரைக்கு வேறு நாடா. எதிர்ப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து போட்டுக் கொடுக்க வேண்டும். அநேக வீடுகளில் அது மனைவி. குக்கர் விசில் எண்ணிக்கொண்டே கரை போடுகிறவர்கள் நாங்கள். கூலி வரும்போது அது 'அவர் கூலி'.

அஸ்ஸாமில் சுவால்குச்சி என்று ஒரு பட்டு ஊர். அந்தப் பக்கமெல்லாம் தறி என்றாலே பெண்பிள்ளை சமாசாரம். நெய்யத் தெரிவது கல்யாணத்துக்கே ஒரு தகுதியாக இருந்ததாம். 2019-20ல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 35 லட்சத்துக்கு மேல் தொழிலாளர்கள். அதில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள் என்று வந்தது. அந்த எண்ணிக்கை ஏறி நிற்பதற்கு வடகிழக்குச் சீமைதான் முக்கியக் காரணம். அதே நூல், அதே நாடா. ஒரு ஊரில் பெண் தறியில் உட்காருகிறாள். நம் ஊரில் தறிக்குப் பக்கத்தில் உட்காருகிறாள்.

நான் தறியிலேயே உட்கார்ந்தவள். இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன். பத்தாவது முடித்து வீட்டில் இருந்த மூன்று வருஷம், அப்பாவுக்குக் காமாலை வந்து படுத்தபோது, ஒப்புக்கொண்ட சேலைகளை நான்தான் நெய்து முடித்தேன். சேலையை வாங்கிய முதலாளிக்கு வித்தியாசம் தெரியவில்லை. "இவ பையனாப் பொறந்திருக்கலாம்" என்று அப்பா நாலு பேரிடம் சொன்னார். பாராட்டு என்றுதான் நானும் அப்போது நினைத்தேன்.

அப்பா காலமான பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணன்கள் ஒரு விடுதலைப் பத்திரம் கொண்டுவந்தார்கள். வீட்டிலும் தறியிலும் எனக்குப் பாத்தியதை இல்லை என்று. பிறந்த வீட்டு உறவு வேண்டாமா? கையெழுத்துப் போட்டேன். சேலை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டே வருஷம். அண்ணன்கள் ஒருவர் பைனான்சுக்கும் ஒருவர் சென்னைக்கும் போனார்கள். தறியைக் கழற்றி மரத்தைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டார்கள். குழியை மூடி டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். தீபாவளிக்குப் போனபோது பார்த்தேன். அந்த இடத்தில் சோபா. யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டவளிடம் கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே!

எங்கள் பெரியவளுக்கு என் கை அப்படியே வந்திருக்கிறது. புட்டா கணக்கு அவளுக்கு மனப்பாடம். தேவிகாபுரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை நல்ல நெசவு. ஆனால் அவர்கள் வீட்டில் மூன்று அண்ணன் தம்பிக்கு ஒரு தறி; இவர் வேறொருவர் கொட்டகையில் கூலிக்கு நெய்கிறார். இங்கே ஒரு தறி சும்மா நிற்கிறது. கணக்கு யாருக்கும் புரியும். ஆனால் வாய் திறந்து சொல்ல ஒரு வருஷம் ஆயிற்று. ஏன் என்று உங்களுக்கே தெரியும். 'வீட்டோட மாப்பிள்ளை' என்ற இரண்டு சொல்தான் காரணம். அங்கே அவருடைய அம்மாவுக்குத் தலைகுனிவு. இங்கே என் கொழுந்தனார், "தறி வேற வீட்டுக்குப் போயிடும் அண்ணி, யோசிச்சுக்குங்க" என்கிறார்.

ஜப்பான்காரன் கௌரவம் என்று நினைப்பதை நாம் கேவலம் என்று நினைக்கிறோம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் தமிழர்களிடையே வீடு மகளுக்குத்தான் போகும். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். யாரும் கைகொட்டிச் சிரிப்பதில்லை. அவர்களும் தமிழ்தான் பேசுகிறார்கள்.

டொயோட்டா கதையைச் சொல்லி மாப்பிள்ளை மனசைத் திருப்பலாம் என்று, போன மாசம் பெரியவள் குழந்தையோடு வந்திருந்தபோது எடுத்தேன். ரிசாபுரோ, முதல் தலைவர், பெற்ற மகன் உபதலைவர் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அந்தப் பொண்ணு ஐகோவுக்கு என்னம்மா குடுத்தாங்க?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை படித்தேன், அதைத் தேட எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார்கள், பெயர் கொடுத்தார்கள், நாற்காலி கொடுத்தார்கள். மகள் அதற்குப் பாலம். அவர்கள் ஏற்பாட்டிலும் தொழில் ஆண் கையிலிருந்து ஆண் கைக்குத்தான் போகிறது.

நம் தமிழ்நாட்டிலேயே பெரிய வீட்டில் நடந்தது பத்திரிகையில் வந்ததே. 1900ல் பர்மாவில் தொடங்கிய முருகப்பா குழுமம். அந்தக் குடும்பத்தின் எம்.வி. முருகப்பன் 2017ல் காலமானார். அவருக்கு மகள்கள்தான். மூத்தவர் வள்ளி அருணாசலம், அமெரிக்காவில் அணுப் பொறியியல் படித்தவர், குடும்பத்தின் தாய்க் கம்பெனியான அம்பாடியின் நிர்வாகக் குழுவில் இடம் கேட்டார். அவர்கள் கிளைக்கு 8 சதவிகிதத்துக்குச் சற்று மேல் பங்கு. 2020 செப்டம்பரில் ஓட்டெடுத்தபோது 91 சதவிகிதத்துக்கு மேல் எதிராக விழுந்தது. 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள் சமரசம் ஆனது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களுக்கும் அவரவர் காரணம் இருந்திருக்கும். அணு உலையைப் புரிந்துகொண்ட பெண்ணுக்கு ஒரு நாற்காலி கேட்டு வாங்குவது இத்தனை பாடாக இருந்தது என்பதை மட்டும் நான் பார்க்கிறேன்.

அப்பல்லோ மருத்துவமனையை நான்கு மகள்கள் நடத்தவில்லையா, டாஃபே டிராக்டர் கம்பெனியை மல்லிகா ஸ்ரீநிவாசன் வளர்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் அந்த இரண்டு வீட்டிலும் மகன் இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. என்னவோ போங்கள், என் புத்தி இப்படிப் போகிறது.

சட்டம் நம் பக்கம்தான். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை என்று தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே சட்டம் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களுக்கு அது இல்லை என்றிருந்தது. 2005ல் நாடு முழுமைக்கும் வந்த சட்டத்தில் அந்த வித்தியாசமும் போய்விட்டது. பிறக்கும்போதே மகளுக்கு உரிமை வந்துவிட்டதா என்ற குழப்பத்தையும், அதாவது 2005ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வியையும், 2020ல் சுப்ரீம் கோர்ட் தீர்த்து, அது அவசியமில்லை என்றது. தகப்பனார் சொந்தமாகச் சம்பாதித்ததை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். உயில் இல்லாமல் காலமானால் மனைவி, மகன், மகள், அவருடைய தாயார் எல்லோருக்கும் சரிபங்கு. இந்து வாரிசுச் சட்டத்தில் இது 1956லிருந்தே உண்டு. சகோதரிகளே, விடுதலைப் பத்திரம் நீட்டினால் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டாவது போடுங்கள். நான் படிக்காமல் போட்டேன்.

ஆனால் தறி என்பது பத்திரத்தில் இருக்கிற சொத்து மட்டும் இல்லை. சங்கத்தில் உறுப்பினர் யார், பாவும் பட்டும் யார் பெயரில் எழுதித் தருகிறார்கள், கூலி யார் கணக்கில் விழுகிறது, இதுதான் தறி. பெரியவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்பாவிடம் நேராகவே சொன்னாள்:

"அவர் இங்க வர்றதுக்கு சம்மதிச்சிட்டார்ப்பா. ரெண்டு தறியும் ஓடும். ஒண்ணுல அவர், ஒண்ணுல நான். குழந்தையை அம்மா பாத்துப்பாங்க. ஆனா சங்கத்துல என் பேரை சேர்க்கணும். அவர் பேரு அங்க ஊர்ச் சங்கத்துல இருக்கு, அது அப்படியே இருக்கட்டும்."

"மாப்பிள்ளை என்னம்மா நினைப்பார்?"

"அவர்தான் சொன்னார். வீட்டோட மாப்பிள்ளைன்னு யாராவது கேட்டா, 'நான் என் பொண்டாட்டி தறியில நெய்யறேன்'னு சொல்லிக்கறேன்னார்."

இவர் பதில் சொல்லவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். மகன் பின்னால் மனத்தாங்கல் படுவானோ என்று அவனுக்குப் போன் போட்டேன். "தறி அக்காவுக்கே இருக்கட்டும்மா. வீட்டுல எனக்கு ஒரு ரூம் இருந்தாப் போதும்" என்றான். இன்றைக்குச் சொல்கிறான்; நாளைக்கு அவனுக்குக் கல்யாணமாகி வருகிறவள் என்ன சொல்வாளோ? அதனால் வீட்டுப் பங்கு வேறு, தறி வேறு என்று எழுதியே வைத்துவிடலாம் என்று நான் இவரிடம் சொல்லியிருக்கிறேன். வாய் வார்த்தையாக விட்டுத்தான் எத்தனையோ வீடு உடைந்திருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, சும்மா நின்ற தறியின் துணியை எடுத்துத் தூசி தட்டினார். குழிக்குள் இறங்கி மிதிக் கயிறுகளை அவிழ்த்துக் குட்டையாகக் கட்டினார். பெரியவள் என்னைப் போலக் குள்ளம். இவருடைய காலுக்கு இருந்த அளவு அவளுக்கு எட்டாது.

சங்கத்தில் விண்ணப்பம் வாங்கி வந்தாயிற்று. ஆதார், போட்டோ, பாங்க் கணக்கு எல்லாம் தயார். விலாசம் மட்டும் இன்னும் தேவிகாபுரத்திலேயே இருக்கிறது, அதை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வேலையாகத்தான் போகிறோம்.